ஆப்பிளின் மேல் இரண்டு புள்ளி

லைனே வெஸ்கியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு மகள் இருக்கிறாள், பாட்டுக் குழுவில் இருபது தோழிகள் இருக்கிறார்கள். ஆனால் பிரியமாகப் பார்ப்பவர்கள் பாதியை விட்டுவிடுவார்கள். நான் அவளை ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் பொறாமையோடு பார்த்தவள். எதையும் விடவில்லை.

நாங்கள் இருவரும் தலைநகர் தாலினில் ஒரே விளம்பரக் கூடத்தில் வேலை செய்தோம். சுவரொட்டி, சாக்லேட் உறை, தீப்பெட்டி லேபிள், கடைப் பலகை எல்லாவற்றுக்கும் அங்கேதான் எழுத்து வரைவார்கள். ஓவியர்கள் பென்சிலில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதன் மேல் மை ஏற்றி, பிசிறு வந்த இடத்தைப் பிளேடால் சுரண்டி, வெள்ளை பூசி, அச்சுக்குத் தயாராக்குவது எங்கள் வேலை. ஓவியர் பெயர் மூலையில் அச்சாகும். எங்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும்.

அம்மாவுக்கு நுரையீரல் நோய் வந்ததால் ஏழாவதோடு பள்ளியை விட்டு, பதினைந்து வயதில் அங்கே சேர்ந்தேன். மறு வருடம் லைனே வந்தாள். கையில் மரப்பெட்டி, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய புகையிட்ட மீன். வந்த முதல் நாளே மீனை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தாள். நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதுவரை அங்கே பாதிப் பேரிடம் நான் பேசியதுகூட இல்லை.

மேஸ்திரி ஆர்னோ அவளிடம் எந்த ஊர் என்று கேட்டார்.

"சாரேமா தீவுங்க."

"அப்ப எழுத்துல ஒண்ணு குறைச்சலாத்தான் இருக்கும்," என்றார் மேஸ்திரி. கூடமே சிரித்தது.

எங்கள் மொழியில் வட்ட எழுத்தின் தலையில் சின்ன அலை போட்டால் ஓர் ஒலி, இரண்டு புள்ளி வைத்தால் வேறோர் ஒலி. சாரேமாக்காரர்களுக்கு அலை ஒலி வாயில் வராது. அலை வரவேண்டிய இடத்திலெல்லாம் புள்ளி ஒலியைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அடித்தாலும் வராது. லைனேவின் பெயருக்கே அலை என்றுதான் அர்த்தம். மேஸ்திரி அதையும் விடவில்லை.

"பேர்ல இருக்கிற அலைய எழுத்துல போட மாட்டேங்கிறியே, பொண்ணே."

"தீவச் சுத்தி எல்லாம் அலைதாங்க. எழுத்துலயும் எதுக்கு?" என்றாள் அவள்.

இப்படி ஒரு பதில் எனக்கு வந்திருக்க வேண்டுமென்றால் மூன்று நாள் ஆகும். வந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் மேஜை என் மேஜைக்கு அடுத்தது. சந்தேகமான சொல் வந்தால் திரும்பி என்னிடம் கேட்பாள். "அஸ்தா, இதுக்கு அலையா புள்ளியா?" நான் சொல்வேன். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படிக் கேட்பாள். அலை போடுவதில் என்னை மிஞ்ச அந்தக் கூடத்தில் ஆள் கிடையாது. ஒரே மூச்சில், கையை எடுக்காமல், தொடக்கத்தில் மெலிந்து நடுவில் தடித்து முடிவில் மறுபடி மெலிந்து வரும். மேஸ்திரி புதிதாக வருகிறவர்களுக்கு என் தாளைத்தான் காட்டுவார். ஆனால் காட்டிவிட்டு, லைனேவின் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். எல்லோரும் அங்கேதான் குடிப்பார்கள்.

ஓவியர் இல்மார் வைனோவும் அங்கேதான் உட்காருவார். இப்போது அவர் பெயரைச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. அப்போது அவருக்கு நாற்பது வயது. பழுப்புக் கோட்டில் சிகரெட் சாம்பலோடு வருவார், தாளைச் சுருட்டி அக்குளில் வைத்திருப்பார். அவர் வரையும் வடிவங்கள் எல்லோரும் போடுகிற மாதிரி இருக்காது. ஒரு மீனை இரண்டு கோட்டில் முடித்துவிடுவார். அவருடைய தாளுக்கு மை போடும்போது எனக்கு மூச்சு சீராக வரும். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏழு வருடத்தில் அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்த ஜன்னல் ஓரத்துப் பொண்ணு" என்பார்.

எழுபத்து மூன்றாம் வருடம் செப்டம்பரில் தோட்டக்காரர் சங்கம் ஆப்பிள் கண்காட்சி ஒன்று வைத்தது. சுவரொட்டி வைனோவுடையது. பெரிய தாளில் ஆப்பிள் என்ற ஒரே சொல். எங்கள் மொழியில் அதற்கு மூன்றே எழுத்து, முதல் எழுத்து அலை போட்ட வட்டம். அந்த வட்டத்தையே அவர் பச்சை ஆப்பிளாக ஆக்கியிருந்தார். மேலே அலை, இலை காற்றில் வளைவது போல. வேறு படம் கிடையாது.

"இது உனக்குத்தான் அஸ்தா," என்று, மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு மேஸ்திரி முந்தின வாரமே சொல்லியிருந்தார். "மொத்த தாளும் அந்த அலைலதான் நிக்குது."

அந்த ஒரு வாரமும் வீட்டில் ரொட்டி சுற்றிய காகிதத்தில் எல்லாம் அலை போட்டுப் பார்த்தேன். தாள் வந்த அன்று வெளியே மழை. வைனோ நேராக லைனேவின் மேஜைக்குப் போய்ச் சுருளை விரித்தார்.

"வட்டம் நீ நல்லாப் போடுவ. நீயே போட்டுடு," என்றார்.

மேஸ்திரி அன்று ஊரில் இல்லை. அவரையும் பிழை பார்க்கும் அம்மாளையும் இன்னும் பத்துப் பேரையும் கூட்டுப்பண்ணையில் உருளைக்கிழங்கு பொறுக்க அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அனுப்புவார்கள். மேஸ்திரி இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். நானாக எழுந்து போய், இது எனக்கென்று சொன்ன வேலை என்று கேட்டிருக்கலாம். நான் பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வைனோ போன பிறகு லைனே வேலையைத் தொடங்கினாள். மழையில் நனைந்து, வைனோவின் கோட்டில் உரசி, பென்சில் அலை பாதி அழிந்திருந்தது. அவள் வட்டத்தை முடித்தாள். உண்மையிலேயே அழகான வட்டம். பின்னால் நகர்ந்து பார்த்தாள். வாய்க்குள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள், உதடு குவிந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு தூரிகையை மையில் தொட்டு வட்டத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தாள். வழக்கமான உருண்டைப் புள்ளி இல்லை, ஆப்பிள் விதை மாதிரி ஒரு பக்கம் கூராக. அவளுக்கு அது விளையாட்டு. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே பென்சில் அலை இன்னும் மங்கலாகக் கிடந்தது.

தாளைத் தூக்கி என் பக்கம் காட்டினாள்.

"சரியா இருக்கா அஸ்தா?"

நான் "ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அவள் திட்டு வாங்க வேண்டும் என்று நினைத்தேன். ஒருமுறையாவது எல்லோர் முன்னாலும் நின்று தலை குனிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தணிக்கை அலுவலகத்தில் ஆப்பிளில் அரசியல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்திவிட்டார்கள். மூவாயிரம் பிரதி அச்சாகி ஊரெங்கும் ஒட்டியாயிற்று. டிராம் நிறுத்தங்களில் ஜனங்கள் நின்று சிரித்தார்கள். துறைமுகத்தில் இருந்த சாரேமாக்காரர்கள் சுவரொட்டியை ஈரத்தோடு உரித்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். மூன்றாம் நாள் இயக்குநர் லைனேவைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"யாரும்மா இதச் சரிபாத்தது?"

"யாரும் பாக்கலங்க. நான் யார்கிட்டயும் காட்டல."

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்தது. அதற்காகவும் அவள் மேல் ஆத்திரம் வந்தது.

அப்போது வைனோ வந்தார். சுவரொட்டியைச் சுவரில் சாய்த்து, சிகரெட் முடியும் வரை பார்த்தார். "நான்தான் வைக்கச் சொன்னேன்," என்றார் இயக்குநரிடம். "விதை அது. பழம்னா விதை இருக்காதா?" இயக்குநர் லைனேவை வேலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். அடுத்த வருடம் ரீகாவில் அந்தச் சுவரொட்டிக்குப் பரிசு. அதன் பிறகு எல்லாப் புத்தகத்திலும் அதுதான் முதல் பக்கம். நாடு விடுதலையான பிறகு பனியன், காப்பிக் கோப்பை, தோள் பை எல்லாவற்றிலும் அந்தப் பச்சை வட்டமும் இரண்டு புள்ளியும் வந்தன. படித்தவர்கள் எழுதினார்கள்: அந்தப் புள்ளிகள் அதிகார மொழியை எதிர்த்த கலகம் என்று. நான் நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்தேன்.

"என் வேலையக் காப்பாத்துனாரு," என்பாள் லைனே. "காப்பாத்துனத அவரே வச்சுக்கிட்டாரு."

அவள் அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு வாழ்க்கையில் வேறு காரியங்கள் இருந்தன. வல்தூர் என்ற டிராம் ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் ஜன்னலுக்குக் கீழே போகும்போது மணியை இரண்டு தடவை அடிப்பார், நான் பேனாவை எடுத்துவிடுவேன், இல்லையென்றால் கோடு நடுங்கும். மகள் பிறந்தாள். வல்தூர் வேறொருத்தியோடு நார்வா பக்கம் போய்விட்டார். அப்போது கூடத்தில் ஆளுக்கொரு கேக் சுட்டு லைனேவுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தக் கேக்குகள் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. என்னை விட்டுப் போக யாரும் இருந்ததில்லை, அதனால் எனக்கு யாரும் கேக் சுடவில்லை.

தொண்ணூற்று இரண்டில் கூடத்தை மூடினார்கள். கணினி வந்துவிட்டது. நான் ஒரு பள்ளியில் பிள்ளைகளின் கோட்டுகளை மாட்டி வைக்கும் வேலைக்குப் போனேன், ஒன்றும் பேச வேண்டியதில்லை. லைனே ஹெல்சின்கி போகும் கப்பலில் அறை துடைக்கப் போனாள். பதினான்கு வருடம் துடைத்தாள். கப்பலிலும் கோடைக் கொண்டாட்டத்துக்குப் பலகை எழுதச் சொன்னால் அவள்தான் எழுதுவாளாம். அலையா புள்ளியா என்று தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். நான் ஒழுங்காகத்தான் சொன்னேன், ஒவ்வொரு தடவையும். ஆப்பிளுக்குப் பிறகு தவறாகச் சொன்னதே இல்லை.

அறுபத்தைந்து வயதில் அவளுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு இரண்டு கையும்.

வைனோவுடைய வாழ்நாள் வேலை முழுவதையும் சேர்த்துப் பெரிய கண்காட்சி வைக்கப் போவதாகப் போன இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது. அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. லைனேவின் மகள் அருங்காட்சியகத்துக்கு எழுதினாள், ஆப்பிள் சுவரொட்டியின் எழுத்தை வரைந்தது தன் அம்மா என்று. அங்கே பொறுப்பில் இருந்த தூலி என்ற இளம்பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். கூடத்தில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது நாங்கள் இருவர்தான்.

"ப்ரோவா அஸ்தா, அத லைனே ப்ரோவா வரைஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கா? வைனோ குடும்பத்துல அத்தாட்சி கேக்கறாங்க."

எங்களிடம் மரியாதைக்குப் பெண்களை ப்ரோவா என்பது வழக்கம். எனக்கு அந்த மரியாதை பழக்கமில்லை, தடுமாறிவிட்டது.

"ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

அரை மணி நேரத்தில் லைனே கூப்பிட்டாள்.

"என்னடி, மறந்துட்டியாமே?"

"ரொம்ப நாள் ஆச்சில்ல."

"மேஸ்திரியோட நாய்க்கு என்ன பேருன்னு போன மாசம் நீதான சொன்ன. இது மறந்துடுச்சா?" அவள் குரலில் சந்தேகமே இல்லை, கேலிதான் இருந்தது. பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். "பாரு அஸ்தா, கை போயிடுச்சு. காப்பிய உறிஞ்சுகுழல்ல குடிக்கிறேன். இனிமே நான் வரைவேன்னு யார்கிட்டயும் நிரூபிக்க முடியாது. வரைஞ்சதுல ஒண்ணாவது என்னோடதுன்னு எங்கயாவது எழுதி இருக்கட்டும். திங்கக்கிழமை வா, சேந்து போலாம். நேர்ல பாத்தா உனக்கு ஞாபகம் வந்துடும்."

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. கத்ரியோர்க் பூங்காவில் இறங்கி, இலை கூட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி நடந்தோம். தூலி வாசலுக்கே வந்தாள். லைனேவின் கோட்டை அவளே கழற்றி மாட்டினாள். என்னுடையதை நானே மாட்டிக்கொண்டேன்.

கண்காட்சிக் கூடத்தில் பாதிச் சுவர்களில் ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள். சாக்லேட் உறைகள், தீப்பெட்டிகள், மீன் சுவரொட்டி. நடந்துகொண்டே எண்ணினேன். பதினேழு என் கையால் மை போட்டவை. ஆப்பிளின் அசல் தாள் கண்ணாடிப் பேழைக்குள் தனியாக இருந்தது. பக்கத்தில் பலகை: இல்மார் வைனோ, 1973.

லைனே குனிந்து பார்த்தாள். "வட்டம் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"நம்பாம கேக்கல ப்ரோவா," என்றாள் தூலி. "வைனோவோட மகன் சொல்றாரு, புள்ளி அப்பாவோட யோசனைன்னு அப்பாவே பேட்டி குடுத்திருக்காருன்னு. உங்க வார்த்தைக்கு எதிரா அவர் வார்த்தை. எதையாவது வச்சுக் காட்டணும் நான்."

லைனே பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். வரைந்து காட்டலாம் என்று நினைத்திருக்கிறாள். தூலி நீட்டிய காகிதத்தில் பென்சில் தட்டித் தட்டிப் புழுப் போல ஒரு கோடு வந்தது. அவள் அதைப் பார்த்தாள். பென்சிலைப் பைக்குள் போடப் பார்த்தாள், பையின் வாய் அகப்படவில்லை. நான் கை கொடுக்கவில்லை. தூலிதான் வாங்கிப் போட்டாள்.

லைனே என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் சந்தேகம் கேட்கத் திரும்புவாளே, அப்படித்தான் திரும்பினாள்.

ஞாபகமில்லை என்று இன்னொரு தடவை சொன்னால் முடிந்தது. இருவரும் டிராம் ஏறி வீட்டுக்குப் போயிருப்போம். பலகையில் எங்கள் யார் பெயரும் இல்லாமல் நாங்கள் இருவரும் சமமாக இருந்திருப்போம். அந்த நினைப்பு எனக்கு இனித்தது, அதை மறைக்க மாட்டேன்.

"விளக்கச் சாய்ச்சுப் பிடிங்க," என்றேன் தூலியிடம். "பக்கவாட்டுல."

"எங்க?"

"ரெண்டு புள்ளிக்கும் நடுவுல. பென்சில் கோடு இருக்கும். அலை. வைனோ அலைதான் போட்டிருந்தாரு. மழைல அழிஞ்சு போச்சு. புள்ளி யோசனை அவரோடதா இருந்தா அவர் எதுக்கு அலை வரையணும்?"

தூலி கையடக்க விளக்கை எடுத்து வந்து கண்ணாடிக்கு அருகே தாழ்த்திப் பிடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பென்சில் பள்ளம் நிழலாக எழுந்தது, இடது பக்கம் மெலிந்து, வளைந்து, வலது புள்ளிக்குள் போய் முடிந்தது. பிறகு தூலிக்கு அடுத்த கேள்வி வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும் ப்ரோவா? அச்சுல இது வராதே."

"அன்னைக்கே பாத்தேன். மை காயறதுக்கு முன்னால. சரியா இருக்கான்னு என்கிட்டதான் காட்டுனா. நான் ம்-னு சொன்னேன்."

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

லைனே கண்ணாடியில் இருந்து நிமிர்ந்தாள். "தப்பில்ல அது," என்றாள் தூலியிடம், என்னிடம் இல்லை. "எங்க தீவுல ஆப்பிள அப்படித்தான் சொல்லுவோம். நான் சொல்ற மாதிரி எழுதினேன். நீங்க வேணும்னா கலகம்னு போட்டுக்குங்க."

தூலி ஒரு தாளில் நான் சொன்னதை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். பணியாளர்களுக்கான சிற்றுண்டி அறையில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வந்தன. லைனே உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் கவனிக்கலன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்," என்றாள் கடைசியில். "உன்னையும் சேத்துத் திட்டுவாங்கன்னு இயக்குநர்கிட்ட பொய் வேற சொன்னேன்."

"தெரியும்."

"எதுக்குடி?"

"அந்த வேலை எனக்கு வர வேண்டியது."

"அதுக்கா?"

"அதுக்கு மட்டும் இல்ல. எல்லாரும் உன் மேஜைக்குத்தான் வருவாங்க."

"வந்து என்னத்தக் கொட்டினாங்க, சிகரெட் சாம்பலத் தவிர." அவள் ரொட்டியைப் பிய்க்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் பிய்த்து அவள் பக்கம் வைத்தேன். "நீ சொல்லியிருந்தா நான் சுரண்டிட்டு அலை போட்டிருப்பேன். நல்லாவே இருந்திருக்காது. அத ஒருத்தனும் பனியன்ல போட்டிருக்க மாட்டான்."

"அதுதான் எனக்குத் தாங்கல," என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "இப்பவும் இருக்கா அது?"

"இருக்கு."

"இந்தக் கைய வச்சுக்கிட்டுக் கிடக்கிறேன். இது மேலயுமா?"

"தூலி உன் கோட்டக் கழட்டி விட்டா. என் கோட்ட நான்தான் கழட்டுனேன்."

லைனே சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் மேஜை ஆடிக் காப்பி தட்டில் கொட்டியது. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திறப்பு விழா அன்று பலகை மாறியிருந்தது. வைனோவின் பெயருக்குக் கீழே, எழுத்து: லைனே வெஸ்கி. அவள் நீல ஆடை போட்டு, நாற்காலியில் பேழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னாள். "அதோ தூண் கிட்ட நிக்கிறாளே, அவ பொறாமைல வாய மூடிக்கிட்டா. அதனாலதான் இது பொழச்சுது." ஜனங்கள் சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். நான் தூணுக்கு அந்தப் பக்கம் போவேன்.

அருங்காட்சியகத்தில் சுவரொட்டியை மறுபடி அச்சிட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். முதல் பிரதியில் லைனே முயன்று பார்த்தாள், பேனா தாளைக் கிழித்தது.

"அஸ்தா, இங்க வா," என்று கூப்பிட்டாள். "என் பேர நீயே போட்டுடு. எப்படியும் உன் கை நல்லா இருக்கும்."

அவள் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். நான் குனிந்தே எழுதினேன். லைனே வெஸ்கி, லைனே வெஸ்கி. வரிசையில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னார்கள். பதினோரு பிரதி எழுதினேன். பன்னிரண்டாவதில் அவள் பெயருக்கு அடியில், எறும்பு அளவில், என் பெயரையும் எழுதினேன். வாங்கியவர் கவனிக்காமல் சுருட்டிக்கொண்டு போனார்.

லைனே கவனித்தாள். நடுங்கும் கையால் அடுத்த பிரதியை என் பக்கம் தள்ளினாள்.